நாலாவது சட்டைப்பின்

ஆறரைக்கே கரண்ட் போய்விட்டது.
ஸ்திரிக்கை சாறியின் நடுவில் ஆறிக் கிடக்கிறது.
கசங்கிய பாதியை உள்ளே சுற்றினேன்.
இந்தத் தொழிலில்
எதை உள்ளே சுற்றுவதென்று தெரிந்தால்
பாதி வழக்கு முடிந்த மாதிரி.

வெள்ளைச் சாறி, முழங்கை மூடிய சட்டை.
தோளில் ஒன்று, கொய்யகத்தில் இரண்டு,
முந்தானைக்குள் யாருக்கும் தெரியாமல் ஒன்று:
நாலு சட்டைப்பின்.

விமலேந்திரனுக்கு ஒரு கோட்டு.
அதையும் வாசலில் வைத்துத்தான் போடுவார்,
கழுத்துப்பட்டி பொக்கற்றுக்குள்.
என்னோடு ஒரே நாளில் சத்தியம் செய்தவர்,
முதல் கிழமையே சொன்னார்:
‘தங்கச்சி, உங்கட காப்புச் சத்தம் போடுது.
நீதவானுக்கு நீங்கள் கேக்க வேணும், காப்பு இல்லை.’
அன்றே கழற்றினேன்.
அவருடைய திறப்புக்கோர்வை
பதினாறு வருடமாக மேசையில் விழுந்து விழுந்து
வாதாடுகிறது.

ருமைஸா கிண்ணியாவிலிருந்து
பாலம் கடந்து ஸ்கூட்டியில் வருவாள்,
ஹெல்மெற்றுக்குள் முக்காடு, முக்காட்டுக்குள் வியர்வை.
‘ஒனக்கு நாலு, எனக்கு ஆறு’ என்பாள்,
‘இரும்புக் கடைக்கு என்னத்தான் முதல்ல விப்பாங்க.’
துணிக்குள்ளால் காது கேட்குமா என்றவரிடம்
‘நீங்க கதைச்சா மட்டும் கேக்காது சேர்’ என்றவள்.
இன்றைக்கு ஓடிக்கொண்டிருக்கிறாள்.
மதிலில் காயப்போட்ட கறுப்பு அங்கியின் கையை
ஒரு புள்ளிமான்
தவணை கேட்காத நிதானத்தோடு மெல்கிறது.
‘ஏய்! அது இரவல்!’

தவமலர் வேப்பமரத்தடியில் நிற்கிறாள்.
திருக்கடலூர். தாபரிப்பு வழக்கு. ஏழாம் தவணை.

ஆறாம் தவணைக்கு
‘நல்லதா உடுத்துக்கொண்டு வாங்கோ’ என்றிருந்தேன்.
மச்சாளின் சாறியில் வந்தாள்.
மகள் பூசிவிட்ட நகப்பூச்சு.
விமலேந்திரன் விரலை நீட்டி
விரல்களைக் காட்டினார்:
‘சாப்பாட்டுக்கு வழியில்லாத கையா இது?’

வியாழன் இரவு நானே போன் எடுத்தேன்.
‘பழசை உடுத்துங்கோ.
பொட்டுச் சின்னனா.
நகத்தைச் சுரண்டிப் போடுங்கோ.’
சொல்லி முடிந்த பிறகுதான் கேட்டது:
என் வாயில் அவருடைய குரல்.

சொன்னபடி வந்திருக்கிறாள்.
சொன்னதற்கு மேலாகவும்.
கக்கத்தில் தையல் விட்டுப் போன சட்டை,
கையைத் தூக்கிச் சத்தியம் செய்ய முடியாது.

பெண்கள் கழிப்பறைக் கண்ணாடியை
உப்புக்காற்றுத் தின்றுவிட்டது,
முகம் இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பு.
முந்தானைக்குள் கை விட்டேன்.
நாலாவதைக் கழற்றி
அவள் கக்கத்தில் குத்தினேன்.
‘மிஸ், அப்ப உங்களுக்கு?’
‘மூண்டு காணும்.’

காணவில்லை.

மார்ச் மாதம் வாங்கிய நாற்பது குதிரைவலு எஞ்சின்,
பற்றுச்சீட்டு யாருடைய பெயரில் என்று
கேட்கத் தொடங்கும்போதே
முந்தானை இறங்கத் தொடங்கியது.
முழங்கையால் அமத்தினேன்.
பைலை நெஞ்சோடு பிடித்தேன்.
ஒரு கையால் துணி, ஒரு கையால் வழக்கு.
பற்றுச்சீட்டை நீட்ட
எதையாவது விட வேண்டும்.

விட்டேன்.

தோளிலிருந்து முழங்கை வரைக்கும்
வெள்ளை, மடிப்பு மடிப்பாக வந்து விழுந்தது.
கசங்கிய பாதி வெளியே.
ஒரு திறப்புக்கூடச் சத்தம் போடவில்லை.
‘தம்பியின்ட பேரில’ என்றான் புருஷன்,
என் முகத்தைப் பார்க்காமல்.
‘காசு ஆருடையது?’ என்றேன்.
நீதவான் குனிந்து எழுதினார்.
பதிலைத்தானா எழுதினார், தெரியவில்லை.

கட்டளை இல்லை. அடுத்த மாதம் பதினெட்டு.
வெளியே வெயில் தாரை உருக்குகிறது.
தவமலர் பின்னைக் கழற்றி நீட்டினாள்,
பிறகு யோசித்து, திரும்பக் குத்திக்கொண்டாள்.
‘மிஸ், அதுக்கு
என்னத்தை உடுத்துக்கொண்டு வாறது?’

வாய் திறந்தேன்.

வாயில் கறுப்பு நூலொன்று தொங்க
அந்த மான்
எங்கள் இரண்டு பேருக்கும் நடுவால்
கடற்கரைப் பக்கம் போனது.