மூன்றாம் கல்

செயலி கொழும்பில் பிறந்தது,
குளிரூட்டிய மண்டபத்தில், கேக் வெட்டி.
துணுக்காய்க்கு வந்து சேர்ந்தது
ஒரு சுற்றுநிருபம்,
ஒரு டப்லெட், அதன் கறுப்பு உறை.

இனிக் கடதாசி இல்லை.
யானை மிதித்த வயலுக்குள் நின்றே
படம் பிடிக்க வேண்டும்.
நின்ற இடத்தைச் செய்மதி சொல்லும்.
எழுபத்திரண்டு மணித்தியாலத்துக்குள்
அனுப்பாவிட்டால்
யானை வரவில்லை.

வீரைக்கல்குளத்தில்
யானை வந்தது.
கவரேஜ் வரவில்லை.

துருசடியிலிருந்து கிழக்கே
குளக்கட்டில் மூன்றாவது எல்லைக்கல்.
அதில் ஒரு காலை வைத்து
முகத்தைக் காட்டுப் பக்கம் திருப்பினால்
ஒரு கோடு, காற்று நல்லதென்றால் இரண்டு.
கட்டாரிலிருக்கும் தமையனோடு
சண்டை பிடிக்கப் போய்
அதைக் கண்டுபிடித்தவன் துவாரகன்.
அமைச்சு அவனுக்கு விருது கொடுக்கவில்லை.

முதற்கிழமை நானும் பரிமளகாந்தனும்
அவருடைய முக்கால் ஏக்கர் சேதமும் மட்டும்.
அடுத்த கிழமை ஒன்பது பேர்.
பிறகு பசளைக் காசுக்கு வந்தார்கள்,
பிறப்புப் பதிவுக்கு வந்தார்கள்,
பரீட்சை முடிவு பார்க்க வந்த பெடியன்
பார்த்துவிட்டுக்
குளத்துக்குக் கல் எறிந்துகொண்டு நின்றான்.
மருத்துவமாது தன் பதிவுகளை
என் பதிவுகளுக்குப் பின்னால் வரிசையில் விட்டாள்.
வெள்ளி பின்னேரங்களில்
என் கந்தோர் அந்தக் கல்.

ஒரு வெள்ளி போனேன், வாங்கு இருந்தது.
நாலு கால் நட்டு, மேலே முதிரைப் பலகை.
மூன்று பேர் இருக்கலாம்,
ஒட்டினால் நாலு.
ஆர் போட்டது?
எல்லாரும் தண்ணீரைப் பார்த்தார்கள்.
முதிரைக்குப் பெர்மிட் கேட்பேன் என்று
நினைத்திருப்பார்கள்.
நான் கேட்கவில்லை. இருந்தேன்.
பதினொரு வருச உத்தியோகத்தில்
சனத்தோடு ஒரே பலகையில் இருந்தது
அன்றுதான்.

காலாண்டு அறிக்கையில் ஒரு கட்டம்:
‘தாங்கள் அறிமுகப்படுத்திய புத்தாக்கம்.’
வாங்கு, என்று எழுதினேன்.
திரும்பி வந்தது:
‘தெளிவில்லை. பொருட்பதிவேட்டு இலக்கம் தருக.’

பிரதிப் பணிப்பாளர் நேரில் வந்தார்.
வாகனத்தைத் துருசடியில் விட்டு
சப்பாத்தில் சேறு படப் படக் கட்டில் நடந்தார்.
வாங்கில் இருந்தார். போனை எடுத்தார்.
‘அட, இங்கே நல்லா வருதே’ என்று
அரை மணித்தியாலம் மகளோடு கதைத்தார்.
எழும்பித் தூசி தட்டிய பிறகு கேட்டார்,
‘இதுக்கு ஆர் அனுமதி குடுத்தது?’

ஐப்பசி முதல் மழைக்கு
தனியன் கட்டேறி நடந்திருக்கிறது.
பலகை இரண்டு துண்டு.
ஒரு கால் குளத்துக்குள்.
சுற்றி நின்றவர்கள் சொன்னார்கள்,
‘படம் எடுங்கோ மிஸ், இதுவும் சேதந்தானே.’
எடுத்தேன்.
செய்மதி இடத்தைச் சொன்னது.
சேத வகை: தளபாடம்.
உரிமையாளர்: ஒரு சிவப்பு நட்சத்திரம்.
‘இது கட்டாயம் நிரப்பப்பட வேண்டும்.’

அரசாங்கம் என்று போடுங்கோ, என்றார் ஒருவர்.
அப்ப திருத்தினமாதிரித்தான், என்றாள் அருமைமலர்.
துவாரகன் பேரைப் போடச் சொன்னார்கள்,
அவன் ஓடிவிட்டான்.
யானையின்ரை பேரைப் போடுங்கோ,
அதுதான் தினமும் வருகுது,
நாங்கள் வெள்ளியிலை மட்டுந்தானே.
சிரித்துச் சிரித்து
நேரம் இருட்டிவிட்டது.

எழுபத்திரண்டாவது மணித்தியாலம்
எங்கேயோ, நான் சோறு தின்னும்போது
கடந்து போனது.

அடுத்த வெள்ளி:
கால்கள் இப்போது இரண்டு முழ ஆழம்.
பலகை நீளம், ஆறு பேருக்கு.
கல்லுப் பக்க ஓரத்தில்
உளியால் ஒரு தவாளிப்பு.
கையை வைத்துப் பார்த்தேன், என்னவென்று விளங்கவில்லை.
பிறகு டப்லெட்டை நிறுத்தினேன்,
உறையோடு, சரியாக நின்றது.

திரையின் மூலையில்
‘அனுப்பப்படாதவை: 1’ இன்னும் கிடக்கிறது.
அழிக்கப் பார்த்தேன்.
அழிப்பதற்கும்
உரிமையாளர் பெயர் வேண்டுமாம்.