தேவையான அளவு

தை மூன்றாம் தேதி பலகையில் ஒட்டியதை
பசை காயுமுன்னே யாரோ ஓரம் கிழித்துப்
பல் குத்தியிருக்கிறார்கள்.
மாசி பிறந்துவிட்டது. மறுபடி எழுதுகிறேன்,
இம்முறை நிறுத்தி நிதானமாக.

அணிக்கு நாலு பேர், ஒரு பண்டம்.
பண்டத்தில் எட்டுப் பொருளாவது வேண்டும்,
பொருளுக்கொரு புத்தகம்.
பழைய சோறு ஏற்கப்படாது.
போன வருஷம் கொள்முதல் நிலையத்து மூட்டைக்காரர்கள்
சோறு, தண்ணீர், உப்பு, ஒரு வெங்காயம் என்று
நாலே புத்தகத்தோடு வந்து கோப்பையைக் கேட்டார்கள்.
கொடுத்தும்விட்டோம்.
அவர்கள் தோளகலம் அப்படி.

பருப்பென்றால் முந்நூறு பக்கத்துக்குக் குறையாத நாவல்.
ஆளுக்குப் பாதி படித்தால் அரைவேக்காடு.
வெங்காயம், அழவைத்த புத்தகம்;
கண்ணீருக்குச் சாட்சி கேட்க மாட்டோம்.
புளி, எப்போதோ ஊறப்போட்டு எடுக்காமலே கிடப்பது.
உங்கள் வீட்டில் ஒன்றிருக்கும்.
என் மேசையடியில் ஏழு.
பட்டை கிராம்புக்குக் கப்பலேறிப் போனவர் எழுதியது.
கத்தரிக்காய் காம்போடு, அதாவது முன்னுரையோடு.
கறிவேப்பிலையை ஒதுக்கலாம்,
மென்ற பிறகு.
தண்ணீர் கணக்கில் சேராது.
வாரப் பத்திரிகை தண்ணீர்.

முறை வைத்துத்தான் புத்தகம் விடப்படும்.
தலைமடைக்காரர் திங்கள் காலையிலேயே
இரண்டு அலமாரியை மடக்கிக்கொண்டு போனால்
சனிக்கிழமை பணி முடிந்து வரும் செவிலியருக்கு
வெடித்த வயல்தான் மிச்சம்.

உப்பு எல்லாப் பண்டத்துக்கும் கட்டாயம்.
அணியில் ஒருவர் மற்ற மூவருக்கு
ஒரு புத்தகத்தை வாய்விட்டுப் படிப்பது.

இந்த இடத்தில்தான் ஒன்பதாம் விதி வருகிறது.
போன வாரம் வரை அது இல்லை.

தாளிச்சா அணி: தையல்கடை ரவூஃப், கேபிள் சிவபாலன்,
ரத்தப் பரிசோதனை நிலையத்து ஜவஹர்நிஸா, நஜ்முதீன்.
ஏழு பொருள் கொதித்தாயிற்று.
உப்பு நஜ்முதீன் பொறுப்பு.
வெள்ளி இரவு தொடங்குவதாகச் சொன்னவன்
வியாழன் விசா வந்து, திருச்சியில் விமானமேறிவிட்டான்,
நூலகப் புத்தகம் பைக்குள்ளேயே.

ஷார்ஜாவிலிருந்து குரல் பதிவுகள் வந்தன.
எட்டுப் பேர் தூங்கும் அறையில்
குசுகுசுவென்று படிக்கிறான்.
ஏசி இரைகிறது. ஒருவர் இருமுகிறார்.
விளக்கை அணைக்கச் சொல்லி மலையாளத்தில் ஒரு குரல்;
அவரையும் கதையில் வருகிறவர் என்றே
ஜவஹர்நிஸா இரண்டு நாள் நினைத்திருந்தாளாம்,
பிறகு அவர் ஏன் வரவில்லை என்று கேட்டாள்.

அறுபத்தோராம் பக்கத்தில் நின்றது.
வேலை இரவு ஷிப்டுக்கு மாறிவிட்டது.

மாற்று ஆள் போடலாம் என்றேன்.
வேற கை உப்பு போட்டா கரிக்கும் மேடம்
என்றார் ரவூஃப், வாயில் ஊசியோடு.
மற்ற இருவரும் என்னைப் பார்க்கவேயில்லை.

தம்ரூட் அணி ஆட்சேபம் எழுதிக் கொடுத்தது:
இருநூற்றுப் பன்னிரண்டில் அறுபத்தொன்று,
கால்வாசிக்குக் கொஞ்சம் மேல்,
இதைச் சமையல் என்று யார் ஒப்புவது?
நியாயம்தான்.

அவரவர் கொடுத்த செய்முறைத் தாளை எடுத்துப் பார்த்தேன்.
பருப்பு கால் கிலோ.
புளி எலுமிச்சையளவு.
மிளகாய்த்தூள் மூன்று கரண்டி, தலை தட்டி.
உப்புக்கு நேரே மட்டும் எண் இல்லை,
தம்ரூட் தாளிலும்தான்: ஒரு சிட்டிகை, விரும்பினால்.

ஆகவே ஒன்பது.
உப்பின் அளவை அந்தந்த அணியே ருசிபார்த்துச் சொல்லும்.
நடுவர் நாக்கை நீட்டக் கூடாது.

நஜ்முதீன் கவனத்துக்கு:
தாமதக் கட்டணம் ஓடிக்கொண்டிருக்கிறது.
ஊருக்கு வரும் யாரிடமாவது புத்தகத்தைக் கொடுத்தனுப்பவும்,
அல்லது அறுபத்திரண்டிலிருந்து படிக்கவும்.
கடை அடைத்த பிறகு, எட்டரைக்கு மேல்,
மூவரும் தையல் மெஷினைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள்.
நானும் இருப்பேன்,
சரிபார்க்க மட்டும்.

வ. பூங்கோதை
மூன்றாம் நிலை நூலகர், கூத்தாநல்லூர்