ஏழு புள்ளி இரண்டு

எங்கள் ஊருக்கு ஒரு பட்டியல் உண்டு.
ராஜா இல்லாத கோட்டை,
மரம் இல்லாத மலை,
தண்ணீர் இல்லாத ஆறு,
சாமி இல்லாத கோயில்.
கடைசியில் அழகில்லாத பெண்கள் என்று முடிப்பார்கள்.
கம்பெனி பஸ்ஸில் டிரைவர் அதைச் சொன்னால்
முப்பத்தெட்டுப் பேரும் சிரிப்போம்.
நான் சன்னலோரம்.
சிரிக்கக்கூட மூச்சு வாங்கும்.

சாமி வந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது.
ஒரு ஐப்பசி மழைக்கு ஆறும் கரை கொள்ளாமல் வந்து போனது.
பட்டியலை யாரும் திருத்தவில்லை.

வெயில் ஊரில் பிறந்ததில் ஒரு சௌகரியம்.
சித்திரையில் கழுத்து வழியாக ஏறும் சூடு
என்னுடையதா ஊருடையதா என்று
ஒருவரும் கேட்கவில்லை.
மார்கழியில்தான் மாட்டிக்கொண்டேன்.
விடிகாலை மூன்று மணி. எல்லோரும் கம்பளிக்குள்,
நான் மட்டும் வெறுந்தரையில்
ஃபேனை ஐந்தில் வைத்துக்கொண்டு.
"இன்னா, பைத்தியமா உனக்கு?" என்றார் அவர்
போர்வையை இழுத்துக்கொண்டே.

பத்து நாள், பதினோரு நாள், நிற்கவில்லை.
கறுப்புச் சுடிதார் தவிர வேறெதுவும் உடுத்தவில்லை.
எழுந்ததும் ஸ்டூலைத் திரும்பிப் பார்க்கிற பழக்கம்
பதிமூன்று வயசில் வந்தது,
நாற்பத்தெட்டில் மறுபடி வந்தது.
ஷூவுக்கு அப்பர் தைக்கும்போது
ஊசி இரண்டிரண்டாகத் தெரிந்தது.

ஜபீனா அக்கா என் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள்,
கத்தரிக்காய் முற்றலா என்று பார்ப்பதுபோல.
"இன்னாமே நவநீதம், வெள்ளைத் தாளு மாரி கீது.
மெஷினுக்குச் சனிக்கிழமையானா எண்ணெ போடுறான்.
உனக்கு எவன் போட்டான்?"

டோக்கன் நூற்று நாற்பத்தாறு.
டாக்டருக்கு என் மகள் வயசுதான் இருக்கும்.
ஏழு புள்ளி இரண்டு என்று எழுதிவிட்டுக் கேட்டாள்:
"வீட்ல கடைசியா சாப்பிடுறது யாரு?"
ரத்தப் பரிசோதனையில் அதுவும் தெரியுமா என்று
ஒரு நிமிஷம் பயந்துவிட்டேன்.
ஸ்கேனில் சின்னக் கட்டி, பயப்பட ஒன்றுமில்லை என்றாள்.
அதை எழுதித் தரச் சொல்லலாமா என்று பார்த்தேன்.

துரு நிறத்தில் ஒரு பாட்டில்
மூன்று வியாழக்கிழமை சொட்டுச் சொட்டாக ஏறியது.
பிறகு மாத்திரை.
மாத்திரைக்குப் பின் ஒரு மணி நேரம் டீ கூடாது.
அது ஒன்றுதான் கஷ்டம்.

ஞாயிற்றுக்கிழமை ஈரல் பொரித்து
முதலில் என் தட்டில் போட்டேன்.
பெரியவன் தட்டோடு நின்றான்.
அவர் டிவி சத்தத்தைக் குறைத்தார்.
அவ்வளவுதான், வீடு இடியவில்லை.
ஆனால் முதல் கவளம் தொண்டையில் நின்றது,
திருடித் தின்பதுபோல.
சூடான சோறு நாக்கைச் சுடும் என்பதே
மறந்துபோயிருந்தது.

அகழி ஓரமாக நடக்கிறோம், நானும் அக்காவும்.
அவள் முட்டியில் தைல வாசனை.
எனக்கு இன்னும் சில ராத்திரி தூக்கமில்லை,
இன்னும் சில நாள் காரணமில்லாமல் கோபம்.
இதையும் சொல்லிவிட வேண்டும்,
பதினெட்டு வயசு திரும்பிவிட்டது என்று
யாரும் நினைத்துவிடக் கூடாது.

காட்பாடி ஸ்டேஷன் நடைபாலத்தில் ஏறினால்
படி திரும்புகிற இடத்தில் ஒரு சதுரம் உண்டு.
இரண்டு வருஷமாக அங்கே நின்று
போன் வந்ததுபோல் பாவனை செய்வேன்.
நேற்றுத் தங்கச்சியை ரயில் ஏற்றப் போனேன்.
அவள் பை என் கையில்,
பையில் இரண்டு கிலோ இலவம்பாடி முள்ளுக்கத்தரி.
பேசிக்கொண்டே ஏறிப்
பேசிக்கொண்டே இறங்கிவிட்டோம்.
வண்டி நகர்ந்த பிறகுதான் உறைத்தது,
நான் அந்த இடத்தில் நிற்கவே இல்லை.

திரும்பி வரும்போது நின்றேன்.
சும்மாதான்.
தூரத்தில் அந்த மரம் இல்லாத மலை.
யாரோ நட்டிருக்கிறார்கள்,
பச்சையாக ஒன்பதோ பத்தோ புள்ளி.
எண்ணிக்கொண்டிருக்கும்போதே
டீக்காரன் படியேறி வந்தான்.
மணி பார்த்தேன்.
மாத்திரை போட்டு ஒன்றேகால் மணி நேரம்.
ஒரு டீ வாங்கினேன்.