தெளிக்காத பாத்தி

பென்சிலால்தான் எழுதுவேன்.
பேனா மை பனியில் கரைந்துவிடும்.
காலை ஐந்தே முக்கால்.
தூரைச் சாய்த்து இரண்டு தட்டு.
தண்ணீரில் விழுந்து குதிப்பதை எண்ணு:
பழுப்பில் நான்கு, இறக்கை முளைத்தது ஒன்று.
பத்துத் தூருக்கு ஒரு வரி.
முப்பத்தொரு சம்பாவை இப்படிக் குனிந்தே கடந்தேன்.
பதவிப் பெயரில் இருந்த சொல்
பயிர்ப் பாதுகாப்பு.

ஆனால் எந்தச் சோதனையிலும்
ஒரு பாத்தியைக் காக்காமல் விட்டாக வேண்டும்.
மருந்து பிழைக்கவைத்தது என்று சொல்ல
மருந்தில்லாமல் செத்தது ஒன்று வேண்டும்.
அதைக் கேட்கத்தான்
அரசலாற்றுப் பாலம் தாண்டி மொபெட்டில்
பக்கிரிசாமி வீட்டுக்குப் போனேன்,
மேட்டூர் தாமதமாகத் திறந்த வருஷம்.

"எவ்வளவு எடம்?"
"அஞ்சு குழி."
"பொகையான் வந்தா?"
"வரட்டும். நஷ்டஈடு உண்டு."
கதவோரம் நின்ற செண்பகவல்லி கேட்டாள்:
"நாலு புள்ளையில ஒண்ணுக்கு மட்டும்
சோறு போடாம வளத்துக் காட்டுன்னா
செய்வீங்களா டாக்டரம்மா?"
முத்திரைத்தாளை மடித்துக்கொண்டு திரும்பினேன்.
எட்டாம் நாள் அவளே சொல்லியனுப்பினாள்.
மகளுக்குக் கல்லூரிப் பணம் கட்டக்
கடைசித் தேதி நெருங்கியிருந்தது.

புது மருந்து வெள்ளை டப்பாவில் வந்தது,
பெயர் கிடையாது, ஓர் எண் மட்டும்.
அருளப்பன் தெளித்தார்.
தெளித்துவிட்டு வாய்க்காலில் மூன்று தடவை கைகழுவி
முகர்ந்து பார்த்து
நாலாம் தடவையும் கழுவினார்.

ஐப்பசி முழுக்க அடைமழை.
தெளிக்காத அஞ்சு குழியில்
ஓநாய்ச் சிலந்திகள்
குஞ்சுகளை முதுகில் அள்ளிக்கொண்டு
தண்ணீர்மேல் ஓடின.
தெளித்த பாத்திகளில் ஓட எதுவும் இல்லை.

எழுபத்திரண்டாம் நாள்
தெளித்ததெல்லாம் வட்டவட்டமாய்ப் புகைந்து கிடந்தது.
சோறு போடாத பிள்ளை
பச்சையாய் நின்றது.

எண்ணினேன்.
அங்கே தூருக்கு நூற்று நாற்பது. இங்கே ஒன்பது.
நம்பாமல் அருளப்பனை எண்ணச் சொன்னேன்.
நான் ஆங்கிலத்தில் எண்ணியதை
அவர் தமிழில் எண்ணினார்.
ஒரு பூச்சிகூடக் குறையவில்லை.

வேறு இரண்டு ஊர்களில் மருந்து நன்றாகத்தான் கேட்டிருந்தது.
"அந்த ஊர்க் கணக்கை விட்டுடுங்க" என்றார்கள் மேலே.
"தண்ணி நின்னிருக்கும். யூரியா கூடியிருக்கும்."
விட்டேன்.
அடிக்குறிப்பில்கூட வைக்கவில்லை.
அடுத்த குறுவைக்கு அது கடைக்கு வந்துவிட்டது,
மஞ்சள் முக்கோணத்தோடு, அழகான ஒரு பெயரோடு.

"அடிச்சது போச்சு, விட்டது நின்னுச்சு.
இதை எங்கம்மா எழுதுவீங்க?"
பக்கிரிசாமி கேட்டது அறுப்பன்று.
"எழுதியாச்சு" என்றேன்.
பென்சிலால். நோட்டில்.
அது பொய்யில்லை.

நாலைந்து வருஷம் கழித்து
வேறு யாரோ, வேறு ஆற்றங்கரையில்,
அதே எண்களைக் கண்டெடுத்துக் கட்டுரையாக்கினார்.
இரவெல்லாம் படித்தேன்.
வாழ்த்துக் கடிதம் ஒன்று எழுதினேன்,
தபாலில் சேர்க்கவில்லை.

ஓய்வு பெற்றபோது
சால்வையும் சுவர்க்கடிகாரமும் கொடுத்தார்கள்.
கடிகாரம் நிமிஷம் தவறாது.

போன கார்த்திகையில் பாலம் தாண்டிப் போனேன்.
பக்கிரிசாமி இல்லை.
செண்பகவல்லி வரப்பில் முன்னே நடந்தாள்.
"அந்த அஞ்சு குழிக்கு இன்னும் அடிக்கிறதில்ல.
வூட்டுக்கு அரிசி அதுலதான்."
"மத்ததுக்கு?"
"மத்தது விக்கிறதுதானே."

குனியப் பார்த்தேன், முட்டி மடங்கவில்லை.
அவள் சேலையைச் சொருகிக்கொண்டு இறங்கி
தூரைச் சாய்த்து இரண்டு தட்டு தட்டினாள்,
நான் தட்டுவதை என்றைக்குப் பார்த்தாளோ.
"ஆறு... ஏழு... எட்டு.
ஒண்ணு ஓடிப்போச்சு டாக்டரம்மா,
அதையும் சேக்கலாமா?"

சேர் என்றேன்.