தொண்ணூற்றாறு குழி

பல்லாங்குழிக்குப் பதினாலு போதும்.
எனக்குத் தொண்ணூற்றாறு.
ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு,
நான் பார்த்தேயிராத ஓங்கில்களின் ரத்தத்திலிருந்து
பிரித்தெடுத்த தெளிநீர்.

ஓசூர், சிப்காட் இரண்டாம் கட்டம், இரவு ஷிப்ட்.
உலர்பனிப் பெட்டியில் வந்து இறங்கியிருக்கிறது
எந்த நாட்டுக் குளமோ, ரசீதில் எழுத்து புரியவில்லை.
தோலில் பூஞ்சை படர்ந்து
கட்டி கட்டியாய்த் தடித்தது ஒன்று.
அதோடு ஒரே நீரில் நீந்தியவை பதினொன்று.
பதினொன்றும் பளபளவென்றுதான் இருக்கின்றனவாம்.
கேள்வி தோலைப் பற்றியதல்ல.
தொட்டதா, தொடவில்லையா.
ரத்தத்தைத்தான் கேட்க வேண்டும்.

கடலை ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறேன்,
பஸ் ஜன்னலில், மரக்காணம் பக்கம்,
அதுவும் அரைத் தூக்கத்தில்.

ஊற்று. கழுவு. கவிழ்த்துத் தட்டு.
மறுபடி ஊற்று.
முப்பது நிமிடம் காத்திரு.

காத்திருக்கும்போதுதான் கையுறைக்குள் அரிக்கும்.
மணிக்கட்டில் ஒரு ரூபாய் அகலம்,
ஓரம் சிவந்து நடு வெளுத்து.
படர்தாமரை.
யார் வைத்த பேரோ,
குளத்தில் பூத்ததைச் சொன்ன அதே வாய்
சொறியச் சொறியப் படர்வதையும் தாமரை என்றது.

விடுதியில் ஒன்பது பேர், ஒரே கொடி.
யார் துண்டு யார் தோளில் என்று கணக்கில்லை.
முதலில் சாக்கம்மாவுக்கு வந்தது.
பாகலூர் ரோட்டு ரோஜாக் கூடாரத்தில்
நாள் முழுக்கப் பூவுக்குப் பூஞ்சை மருந்து அடிக்கிறவள்.
வார்டன் அவள் பாயை மாடிப்படிக்கு அடியில் போட்டாள்.
மீதி எட்டுப் பேரும் சுத்தம் என்று
நம்பிக்கொண்டிருந்தோம்,
பன்னிரண்டு நாள்.

டைமர் கத்தியது.
அமிலம் சேர்த்தேன்.
நீலம் சட்டென மஞ்சளாகும் அந்த நொடி
எனக்குப் பிடிக்கும்.
சொல்லக் கூடாது, ஆனாலும் பிடிக்கும்.

முதல் குழி மஞ்சள். அது நோயாளி, சரி.
இரண்டு, மூன்று, ஐந்து மஞ்சள்.
நான்கு வெளுப்பு.
ஆறிலிருந்து எல்லாம்
கிருஷ்ணகிரி மாங்கூழில் தண்ணீர் விட்டது மாதிரி.
கடைசிக் குழாயின் சீட்டில் மட்டும் கூடுதலாய் ஒரு வரி:
குளத்தில் பிறந்தது, வயது மூன்று.
கடல் என்றால் என்னவென்று அதற்குத் தெரியாது.
ஒப்பிட்டுப் பார்க்கத்தான் அனுப்பியிருந்தார்கள்,
அதாவது வெளுப்பாக இருக்கும் என்று.

நல்ல மஞ்சள்.

முனிராஜ் சார் எட்டிப் பார்த்து
இன்னொரு தடவை ஓட்டு என்றார்.
ஓட்டினேன்.
மூன்றாம் தடவை அவரே ஓட்டினார்.

தொடர்பு: உண்டு. நோய்: இல்லை.
அந்த வரியைத் தட்டி அனுப்பும்போது
விடிந்து, கம்பெனி பஸ்கள் வர ஆரம்பித்திருந்தன.

படிக்கு அடியிலிருந்து
சாக்கம்மாவின் பாயைச் சுருட்டி மேலே எடுத்துப் போனேன்.
இரண்டாம் மாடியில் வார்டன் மறித்தாள்.
என்ன இது என்றாள்.
ரிசல்ட் வந்துடுச்சு என்றேன்.