கணக்கெடுப்பு, மூன்றாம் பகுதி

காலை எட்டேகாலுக்குப் பாலக்கரையில்
சைக்கிளைப் பூட்டிவிட்டு நடக்கிறேன்.
கும்பகோணத்தில் மீட்டர்கள்
மாடிப்படிக்கு அடியிலும்
லட்சுமி படத்துக்குப் பின்னாலும்தான் இருக்கும்.
குனியத் தெரிந்தவனுக்கே கணக்கு.

சீவல் கம்பெனியில் எண்களை
ஊதித்தான் பார்க்க வேண்டும், அவ்வளவு பாக்குத் தூசி.
தும்மிக்கொண்டே எழுதுகிறேன்: ஆயிரத்து எழுநூற்றுச் சொச்சம்.
"போன தடவையைவிட ஜாஸ்தியா போட்டிருக்கீங்களே?"
நானா போட்டேன், நீங்கள் சீவினீர்கள்.

பாத்திரக் கடைகளில் பகலிலும் விளக்கு.
பித்தளைக்கு இருட்டு ஆகாது.
வெற்றிலை மண்டிக்கு ஒரு பல்பே அதிகம்;
கவுளி எண்ண விரல் போதும்.
பாரஸ்மல் அடகுக் கடையில் கேமரா மட்டும் ஐந்து.
மூழ்கிய நகைகளை அவை
ராத்திரியெல்லாம் கண்கொட்டாமல் பார்க்கின்றன.

அச்சகம் இருந்த இடத்தில் ஃபிளெக்ஸ்.
பெயர்ப்பலகை மாறவில்லை, சர்வீஸ் நம்பரும்.
சிமென்டுத் தரையில் மெஷினின் கால்கள் நின்ற நான்கு குழிகள்.
ஒன்றில் ஓனர் செருப்பு விடுகிறார்.

அரசலாற்றங்கரையில்
ஜானகி விலாஸ் அரிசி ஆலை.
புகைபோக்கியில் அரசங்கன்று.
அட்டையில் எனக்கு முன்னால் வந்தவர்கள்
எழுத்தாக நிற்கிறார்கள்:
ஒருவர் ஏழுக்குக் குறுக்கே கோடு போடுவார்,
ஒருவருக்குப் பச்சை மை.
அவர்கள் காலத்தில் நாலாயிரம், ஐயாயிரம்,
தை மாசியில் எட்டாயிரம்.
பிறகு நான். பதினொரு வருஷம்
பூஜ்யம், பூஜ்யம், கதவு பூட்டு, பூஜ்யம்.
குறைந்தபட்சக் கட்டணம் மட்டும்
யாரோ தவறாமல் கட்டிவிடுகிறார்கள்.

இன்று அறுபத்திரண்டு.

திருட்டு என்றுதான் நினைத்தேன்.
பக்கக் கதவைத் தள்ளினால்
நெல் காயும் களத்தில் ஆறு ஜீன்ஸ் காய்கிறது.
அவியல் தொட்டிகளுக்கு நடுவே பாய்கள்.
பாலத்துக்குக் கம்பி கட்ட வந்த ஒடிசாக்காரர்கள்,
இரவு ஷிஃப்ட் முடிந்து ஐந்து பேர் தூக்கம்.
சுதர்சன் பெஹரா மட்டும்
கரண்ட் குக்கர் முன்னால் குந்தியிருக்கிறான்.
"எட்டு நாள் ஆச்சு சார். ஓனருக்குத் தெரியும். வாடகை குடுக்குது."
பெல்ட் ஓடிய பெரிய சக்கரத்தில்
சட்டை மாட்டியிருக்கிறது.
மூட்டையில் ராய்ச்சூர் என்று அச்சு.
சுற்றிலும் குறுவை நிற்கிற ஊரில்
ராய்ச்சூர் அரிசி!

இப்போது எனக்குத்தான் சிக்கல்.
ஆலை என்றால் ஒரு கட்டணம், வீடு என்றால் வேறு.
இங்கே அரைவை இல்லை,
ஆனால் அரிசி வேகிறது.
மூடி தடதடவென்று ஆட, கஞ்சி வழிகிறது.
ஆபீஸுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை.
சுதர்சன் தட்டைக் காட்டினான்;
இட்லி ஆயிற்று என்று பொய் சொன்னேன்.

பூஜ்யங்களுக்குக் கீழே
அறுபத்திரண்டு என்று எழுதி
இரண்டின் வாலைக் கொஞ்சம் நீட்டிவிட்டேன்.
குறிப்பு என்ற இடத்தில்: உபயோகத்தில் உள்ளது.
எந்த உபயோகம் என்று கேட்டால் கேட்கட்டும்.

அடுத்தது ஐஸ் கம்பெனி.
அங்கே நாய் உண்டு.