எட்டாவது ஓடர்

சாய்ந்தமருதில் கரண்ட் வந்த நேரம்
போனில் ஏழு ஓடர்கள்.
எல்லாம் என் மருதோண்டி டிசைன் கோப்புகள்.
ஒரே கார்ட், ஏழு பெயர்.

போன நோன்பில் இப்படித்தான் சந்தோசப்பட்டேன்.
நாற்பதாம் நாள் வங்கி காசைப் பிடுங்கியது,
மேலே தண்டமும்.
மீனென்றால் வாலைப் பிடித்தாவது இழுக்கலாம்.
கோப்பு என்னிடமும் இருக்கிறது,
களவும் போய்விட்டது.

இப்போது நானே காவல்:
கார்ட் நோர்வேயில், ஆள் வேறெங்கோ,
மின்னஞ்சல் பிறந்து பத்து நிமிடம்.
ஏழையும் நிறுத்தினேன்.

எட்டாவதும் அதே சாயல்.
கார்ட் தோஹா, ஆள் அக்கரைப்பற்று.
நிறுத்திவிட்டு அழைத்தேன்.
"மாப்பிள்ளைட கார்ட்" என்றாள் ஒருத்தி.
"நாளைக்கு எனக்கு மருதோண்டி.
என்னையா கள்ளி எண்டுறீங்க?"

அனுப்பினேன்.
இனி நாற்பது நாள் எண்ணவேணும்.